ஜனவரி 26 ஏன் 26-ல வந்துச்சு? உங்க ‘வரலாற்றில் இன்று’ பகுதிக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் சார் அவர்களுக்கு வணக்கம்.

நான் டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ல சப் போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். உங்க பேப்பரை முப்பது வருஷத்துக்கு மேல காசு குடுத்து வாங்கிப் படிக்கிறேன், டீக்கடைல ஓசில படிக்கிற ஆளு இல்ல, அதனால ரெண்டு வார்த்தை உரிமையோட பேசலாம்னு நெனைக்கிறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும், வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.

விஷயம் என்னன்னா, குடியரசு நாள் அன்னிக்கு உங்க ‘வரலாற்றில் இன்று’ பகுதில எட்டு வரி போட்டிருந்தீங்க. 1788 ஆஸ்திரேலியா கண்டுபிடிக்கப்பட்டது, 1823 அம்மை தடுப்பூசி கொண்டு வந்த எட்வர்ட் ஜென்னர் இறந்தார், 1905 தென்னாப்பிரிக்காவுல குல்லினன் வைரம் கெடச்சது, 1926 லண்டன்ல ஜான் லோகி பேர்டு டெலிவிஷன் காட்டுனாரு, 1930 பூரண சுயராஜ்ய நாள், 1950 இந்தியா குடியரசு ஆச்சு, 1965 இந்தி ஆட்சிமொழி ஆச்சு, 2001 குஜராத் பூகம்பம். அதுக்குப் பக்கத்துலயே ஒரு பொட்டிச் செய்தி, ‘26 ராசியில்லாத தேதியா?’ன்னு கேள்விக்குறியோட. கேள்விக்குறி போட்டுட்டா பொறுப்பு போயிடும்னு நெனச்சீங்களோ என்னவோ.

எங்க பேத்தி ஏழாவது படிக்கிறா. காலைல கொடியேத்தத்துல இந்தப் பகுதியைப் படிக்கிறது அவ வேலை, பேப்பர் வந்த ஒடனே கத்திரிக்கோல் எடுத்துட்டு வந்து நிப்பா. அன்னிக்கும் வெட்டி எடுத்துட்டுப் போய் மைக்ல கணீர்னு படிச்சிட்டு வந்தா, கைதட்டு மிட்டாய் எல்லாம் கெடச்சது. மத்தியானம் மெல்போர்ன்ல இருக்குற என் மக வீட்டுக்கு வீடியோ கால் போட்டோம், அவங்களுக்கும் அன்னிக்கு லீவு, ஆஸ்திரேலியா டே. பேத்தி பெருமையா அதே சீட்டைப் படிச்சுக் காட்டுறா, அந்தப் பக்கம் என் பேரன், இவ வயசு தான், மொத வரிலயே நிறுத்திட்டான். ‘கண்டுபிடிச்சாங்களா? அங்க ஏற்கனவே ஆளுங்க இருந்தாங்களே, எங்க ஸ்கூல்ல அசெம்ப்ளி ஆரம்பிக்கும்போது இந்த மண்ணோட பழைய சொந்தக்காரங்களுக்கு மரியாதை சொல்லிட்டுத் தான் ஆரம்பிப்போம்’னு சொல்றான். இவளுக்கு மொகம் சுண்டிப் போச்சு. பேப்பர்ல அப்படித் தான் போட்டிருக்குன்னு சீட்டை கேமராகிட்ட காட்டுறா. அந்த ‘பேப்பர்ல போட்டிருக்கு’ங்கற வார்த்தைக்காகத் தான் சார் இந்தக் கடுதாசி.

மொதல்ல அந்த வரி தப்பு. 1788 ஜனவரி 26-ல யாரும் எதையும் கண்டுபிடிக்கல. டச்சுக்காரங்க கப்பல் 1606-லயே அந்தக் கண்டத்தைத் தொட்டுடுச்சு, ஜேம்ஸ் குக் 1770-ல கிழக்குக் கரைல எறங்குனாரு, அந்த மண்ணோட மக்கள் அங்க அம்பதாயிரம் வருஷத்துக்கு மேல இருக்காங்க. 1788-ல நடந்தது என்னன்னா, இங்கிலாந்துலேருந்து 11 கப்பல்ல கைதிங்களை ஏத்திட்டு ஆர்தர் ஃபிலிப்புன்னு ஒரு கேப்டன் வந்தாரு. வந்தது கூட 26-ஆம் தேதி இல்ல, ஒரு வாரம் முன்னாடியே பாட்டனி பேங்கற எடத்துக்கு வந்துட்டாங்க, ஆனா அங்க நல்ல தண்ணி போதல, கப்பல் நிக்கறதுக்கும் பாதுகாப்பு இல்ல, அதனால வடக்க கொஞ்சம் தள்ளிப் போய் இப்போ சிட்னி இருக்குற குடாவுல எறங்கிக் கொடி நட்டது தான் 26. பாட்டனி பேல தண்ணி நல்லா இருந்திருந்தா அந்த நாட்டோட பெரிய நாள் வேற ஏதாவது தேதியா இருந்திருக்கும். அவ்ளோ தான் சார் அந்தத் தேதியோட மகிமை, குடிக்கிற தண்ணி.

ஆனா அதுக்கப்புறம் நடந்தது தற்செயல் இல்ல, இதைத் தான் நான் சொல்ல வர்றேன். 150 வருஷம் கழிச்சு 1938 ஜனவரி 26, சிட்னில பெரிய விழா, கப்பல்லேருந்து எறங்குறதை மறுபடியும் நடிச்சுக் காட்டுறாங்க. அதே நாள் அதே ஊர்ல ஒரு ஹால்ல பழங்குடி மக்கள் சுமார் நூறு பேர் கூடி ‘இது எங்களுக்கு துக்க நாள்’னு தீர்மானம் போட்டாங்க, ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன், வில்லியம் கூப்பர்னு தலைவருங்க. அந்த ஹாலுக்குள்ள அவங்களைப் பின்வாசல் வழியாத் தான் விட்டாங்களாம். அப்புறம் 1972, அப்போ பிரதமரா இருந்த மெக்மேகன் பழங்குடி மக்களுக்கு நில உரிமை குடுக்க முடியாதுங்கற மாதிரி அறிவிக்கிறாரு, அதுவும் ஆஸ்திரேலியா டேயை ஒட்டி. கோவம் வந்து நாலு பேர் சிட்னிலேருந்து கார்ல கெளம்பி 26 ராத்திரி கான்பெரா போய், பார்லிமெண்ட் எதிர்ல புல்தரைல ஒரு பீச் குடையை நட்டு ‘எங்க மண்ணுலயே நாங்க அந்நியர் மாதிரி இருக்கோம், அதனால இது எங்க தூதரகம்’னு உக்காந்துட்டாங்க. அந்தக் கூடாரம் இன்னிக்கும் அங்க இருக்கு. இப்போ பாருங்க, 1788, 1938, 1972, மூணும் ஒரே தேதி, ஆனா மொதல் தேதி தான் தற்செயல், பின்னாடி வந்த ரெண்டும் அந்த மொதல் தேதிக்குக் குடுத்த பதில். ஒரு கயிறுல கட்டுன மாடு மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு வருது. உங்க எட்டு வரில கயிறு எங்க சார்? மாடு மட்டும் தனித்தனியா நிக்குது.

இப்போ நம்ம கயிறுக்கு வர்றேன், அது இதை விட நீளம்.

1929 டிசம்பர்ல லாகூர் காங்கிரஸ், நேரு தலைவர், பூரண சுயராஜ்யம் தான் வேணும்னு தீர்மானம், டிசம்பர் 31 நடுராத்திரி ராவி ஆத்தங்கரைல கொடியேத்துறாங்க. இதெல்லாம் பாடப் புத்தகத்துல இருக்கு. ஆனா அதை ஜனங்க எல்லாரும் ஊர் ஊரா ஒரே நாள்ல உறுதிமொழி எடுக்கணும்னு முடிவு பண்ணப்போ ஏன் ஜனவரி 26-ன்னு எடுத்தாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஜனவரி மாசத்தோட கடைசி ஞாயித்துக்கெழமை சார். அவ்ளோ தான். வேலைக்குப் போறவன், படிக்கிற பையன் எல்லாரும் வர முடியும்னா ஞாயிறு தானே வசதி. 1930 காலண்டரை எடுத்துப் பாருங்க, ஞாயிறு 5, 12, 19, 26. நம்ம குடியரசு நாள் இத்தனை வருஷமா 26-ல நிக்குதுன்னா அதுக்கு அடில இருக்குறது ஒரு வார லீவு. இதைச் சொன்னா சில பேருக்குப் பிடிக்காது, ஏதோ பெரிய காரணம் இருக்கும்னு எதிர்பார்ப்பாங்க. எனக்கு என்னமோ இந்தக் காரணம் தான் பிடிச்சிருக்கு, கூட்டம் போடத் தெரிஞ்சவங்க யோசிச்ச யோசனை.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் காங்கிரஸ்காரங்க ஜனவரி 26-ஐ சுதந்திர நாள்னே கொண்டாடிட்டு வந்தாங்க. ஆனா நெஜ சுதந்திரம் வந்தப்போ அது ஆகஸ்ட் 15-ல வந்துடுச்சு, அந்தத் தேதியை எடுத்தது நாம இல்ல, மவுண்ட்பேட்டன். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் பணிஞ்ச நாள் 1945 ஆகஸ்ட் 15, இந்தப் பக்கத்து நேச நாட்டுப் படைக்கு அவரு தான் தளபதி, அதனால அந்தத் தேதி அவருக்கு மனசுல நின்னுச்சுன்னு பின்னாடி அவரே சொன்னாரு. ஆக வெள்ளைக்காரன் அவன் ஜெயிச்ச நாளை நமக்கு சுதந்திர நாளா குடுத்தான், நாம பதினேழு வருஷமா கும்பிட்டுட்டு வந்த ஜனவரி 26 அனாதையா நின்னுச்சு. அதை சும்மா விட மனசு வரல. அரசியலமைப்புச் சட்டத்தை 1949 நவம்பர் 26-லயே ஏத்துக்கிட்டாச்சு, ஒரு சில பிரிவு மட்டும் அன்னிக்கே அமல், மீதி எல்லாத்தையும் ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சு 1950 ஜனவரி 26-லேருந்து அமல்னு போட்டாங்க. வேணும்னே எடுத்த தேதி. பாகிஸ்தானும் இதே தான் பண்ணுச்சு, 1940 மார்ச் 23 லாகூர் தீர்மானம், 1956-ல அவங்க குடியரசு ஆனப்போ தேடிப் பிடிச்சு மார்ச் 23.

1950 ஜனவரி 26 காலைல டெல்லி தர்பார் ஹால்ல, இந்தியா குடியரசு ஆயிடுச்சுன்னு பிரகடனத்தைப் படிச்சது யாருன்னு உங்க பகுதில ஒரு தடவையாவது போட்டிருக்கீங்களா? கடைசி கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அவரு படிச்சு முடிச்சு எறங்குறாரு, ராஜேந்திர பிரசாத் பதவி ஏத்துக்கிறாரு. நம்ம தொரப்பள்ளிக்காரர் கொரல்ல தான் சார் குடியரசு பொறந்துச்சு.

இப்போ கயிறு இழுக்குது பாருங்க. அதே சட்டத்துல 343-ஆவது பிரிவு, மத்திய ஆட்சிமொழி இந்தி, ஆனா சட்டம் அமலுக்கு வந்த நாள்லேருந்து 15 வருஷத்துக்கு இங்கிலீஷும் தொடரலாம். 1950 ஜனவரி 26-உடன் 15-ஐக் கூட்டுங்க. அதனால தான் 1965 ஜனவரி 26. அந்த வருஷம் யாரும் ஒக்காந்து தேதி குறிக்கல, 1950-லயே குறிச்சாச்சு, அந்த 1950 தேதியை 1930-ல ஒரு ஞாயித்துக்கெழமை குறிச்சுது. அந்த ஞாயித்துக்கெழமை மெட்ராஸ் மாகாணத்துல உறுதிமொழி எடுத்தவங்களோட புள்ளைங்க, பேரப் புள்ளைங்க 35 வருஷம் கழிச்சு அதே தேதிக்கு எதிரா தெருவுல நின்னாங்க. இது உங்க பேப்பர்ல ‘1930 – பூரண சுயராஜ்ய நாள், 1965 – இந்தி ஆட்சிமொழி’ன்னு ரெண்டு வரி, நடுவுல ஒரு புள்ளி.

1965-ல எனக்கு ஒம்பது வயசு. திமுக அந்த 26-ஐ துக்க நாள்னு அறிவிச்சது, குடியரசு நாள்ல கருப்புக் கொடியா, விட மாட்டோம்னு பக்தவத்சலம் அரசு, அண்ணா உட்பட ஆயிரக்கணக்கான பேரை முன்னாடியே புடிச்சு உள்ள வெச்சாங்க. மாணவர்கள் 25-லயே எறங்கிட்டாங்க, அன்னிக்கு மதுரைல வெடிச்சது தான் மாநிலம் முழுக்கப் பரவுச்சு. என் பெரியண்ணன் அப்போ காலேஜ்ல மொத வருஷம், காலேஜை மூடிட்டாங்கன்னு ராத்திரி பஸ்ல வந்து எறங்குனான், கையெல்லாம் தார். எங்கடா போய் தார் பூசுனேன்னு அப்பா கேட்டாரு, ஸ்டேஷன் போர்டுலன்னான். அப்பா ஒண்ணும் திட்டல, மண்ணெண்ணெய் எடுத்துக் குடுத்தாரு கை கழுவ. அதே அண்ணனோட தம்பி நான் பின்னாடி போய் மூணு மொழி போர்டு மாட்டுன போஸ்ட் ஆபீஸ்ல ஒக்காந்தேன்ங்கறது வேற கதை.

இதுல ராஜாஜியை மறுபடியும் பாருங்க. 1938-ல பள்ளிக்கூடத்துல இந்தியைக் கட்டாயம் ஆக்கி எதிர்ப்பு வாங்குனவரு, 1950-ல பிரகடனம் படிச்சவரு, 1965-ல அதே சட்டத்தோட மொழிப் பிரிவை எதிர்த்து நிக்கிறாரு. ஒரே மனுசன். ரெண்டு ஜனவரி 26-லயும் அவரு இருக்காரு, ஒண்ணுல இந்தப் பக்கம், இன்னொண்ணுல அந்தப் பக்கம். மொழிப்போர் தியாகிகள் நாள் 25-ன்னு நாம வெச்சிருக்குறதுக்கும் இந்தத் தேதிக் கணக்கு இருக்கு, கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சி ரயில் நிலையத்துல தீக்குளிச்சது 1964 ஜனவரி 25, அடுத்த வருஷம் போராட்டம் ஆரம்பிச்சதும் 25. கோடம்பாக்கம் சிவலிங்கம் உயிரை விட்டது 1965 ஜனவரி 26. நீங்க 25-ஆம் தேதி பேப்பர்ல ஒண்ணும் 26-ஆம் தேதி பேப்பர்ல ஒண்ணும் தனித்தனியா போட்டா, ரெண்டும் ஒட்டி இருக்குங்கறது படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு இன்னொண்ணும் தோணுச்சு. 1938 சிட்னில ‘துக்க நாள்’, 1965 மெட்ராஸ்ல ‘துக்க நாள்’, ரெண்டும் ஜனவரி 26, ரெண்டும் ஒரு அரசாங்கம் கொண்டாடுற நாளைத் திருப்பிப் போட்டது. இவங்களுக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஒரு கயிறு குடிதண்ணில ஆரம்பிச்சது, இன்னொண்ணு ஞாயித்துக்கெழமைல. ரெண்டு கயிறும் ஒரே ஆணில மாட்டிக்கிட்டது மட்டும் தான் தற்செயல். மத்தபடி வைரம், டெலிவிஷன், ஜென்னர் எல்லாம் சும்மா ஒரே ஆணில தொங்குற சட்டை, அதுல பேச ஒண்ணும் இல்ல. நல்ல தகவல், போடுங்க, ஆனா அதையும் இதையும் ஒரே சைஸ் எழுத்துல போடாதீங்க.

தேதின்னா எனக்கு ஏன் இவ்ளோ உறுத்தல்னு கேப்பீங்க. போஸ்ட் ஆபீஸ்ல காலைல கதவைத் தொறந்ததும் மொத வேலை முத்திரைல நேத்து தேதியை எடுத்துட்டு இன்னிக்குத் தேதி அச்சை மாட்டுறது, ஒரு நோட்டுல குத்திப் பார்த்து சரியா விழுதான்னு பார்த்து கையெழுத்துப் போட்டு அப்புறம் தான் கவுண்டர். புதுசா சேர்ந்த வருஷம் ஒரு நாள் நான் மாத்த மறந்துட்டேன், பதினொரு மணி வரைக்கும் வந்த ரிஜிஸ்டர் தபால் எல்லாத்துலயும் முந்தின நாள் தேதி. அதுல ஒண்ணு கோர்ட் சம்பந்தமான தபால். எழுதிக் குடுத்தேன், விளக்கம் சொன்னேன், ஆறு மாசம் தூக்கம் இல்ல. அன்னிக்குப் புரிஞ்சுது, தேதிங்கறது எப்போன்னு சொல்ற நம்பர் மட்டும் இல்ல, யாரு மாட்டுனாங்கங்கறதும் அதுல இருக்கு. இன்னொரு வேடிக்கை, 36 வருஷ சர்வீஸ்ல ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த மூணு தேதியையும் நான் முத்திரைல குத்துனதே இல்ல. லீவு!

தபால் தலை சேக்குற பழக்கமும் உண்டு எனக்கு, அதுல ஒரு விஷயம் சொல்றேன். பாகிஸ்தான் சுதந்திர நாள் ஆகஸ்ட் 14-ன்னு எல்லாரும் சொல்றோம், உங்க பகுதிலயும் வருஷா வருஷம் போடுறீங்க. ஆனா 1948 ஜூலைல அந்த நாடு வெளியிட்ட மொத சுதந்திர ஸ்டாம்புல அச்சடிச்சிருக்குறது 1947 ஆகஸ்ட் 15. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட சட்டத்துல ரெண்டு நாட்டுக்குமே 15 தான். மவுண்ட்பேட்டன் 14 பகல்ல கராச்சில பேசிட்டு ராத்திரிக்கு டெல்லி வந்துட்டாரு, அப்புறம் 1948-லேருந்து அவங்க 14-ஐ எடுத்துக்கிட்டாங்க. ஒரே நாள் பொறந்த ரெட்டைப் புள்ளைல ஒண்ணு பொறந்த தேதியை மாத்திக்கிட்ட கதை. அந்த ஸ்டாம்பு எங்கிட்ட இல்ல, ஒரு கண்காட்சில பாத்தேன், வெலை கேட்டுட்டு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 15 பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், தற்செயல்னு சொன்னா ஒத்துக்காத பெரியவங்களும் இருக்காங்க. பாண்டிச்சேரி அரவிந்தர் பொறந்தது 1872 ஆகஸ்ட் 15. 1947-ல திருச்சி ரேடியோ நிலையம் கேட்டதுக்கு ஒரு செய்தி எழுதிக் குடுத்தாரு, அதுல சுதந்திரம் என் பொறந்த நாள்ல வந்ததை நான் தற்செயலா எடுத்துக்கல, என்னை வழிநடத்துற சக்தி வெச்ச முத்திரையா எடுத்துக்கறேங்கற அர்த்தத்துல சொல்லியிருக்காரு. முத்திரைங்கற வார்த்தை எனக்குப் பிடிச்சுது. அவரு இருந்த பாண்டிச்சேரிக்கு அன்னிக்கு சுதந்திரம் இல்லங்கறது தனி வேடிக்கை, பிரெஞ்சுக்காரன் அங்க நிர்வாகத்தை விட்டது 1954 நவம்பர் 1. சரியா ரெண்டு வருஷம் கழிச்சு 1956 நவம்பர் 1 மொழிவாரி மாநிலம். அரவிந்தர் சொன்னது நம்பிக்கை, நான் அதுல கை வெக்கல. அவரு தன் வாழ்க்கையைப் பத்தி சொன்னாரு, ஊர்ல உள்ளவனை எல்லாம் பயமுறுத்தல.

பயமுறுத்துறது உங்க பொட்டிச் செய்தி. 26-ன்னா ரெண்டும் ஆறும் எட்டு, எட்டுன்னா சனி, அதனால 2001 ஜனவரி 26 குஜராத், 2003 டிசம்பர் 26 ஈரான் பாம் நகர பூகம்பம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2005 ஜூலை 26 மும்பை வெள்ளம், 2008 நவம்பர் 26 மும்பை தாக்குதல். இது வாட்ஸாப்ல பல வருஷமா சுத்துற சரக்கு சார், நீங்க பேப்பர்ல ஏத்தி அதுக்கு ஒரு மரியாதை குடுத்துட்டீங்க. வருஷத்துக்கு 12 தடவை 26 வருது. லத்தூர் பூகம்பம் செப்டம்பர் 30, ஒடிசா புயல் அக்டோபர் 29, கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ ஜூலை 16, தனுஷ்கோடி போனது டிசம்பர் 22 ராத்திரி, நேபாள பூகம்பம் ஏப்ரல் 25. இதையெல்லாம் யாரு கூட்டிப் பார்த்தா? 40 புள்ளைங்க இருக்குற ஒரு வகுப்புல ரெண்டு பேருக்கு ஒரே பொறந்த நாள் வர்றதுக்கு நூத்துக்கு 89 வாய்ப்பு இருக்குன்னு கணக்கு வாத்தியாரைக் கேட்டா சொல்லுவாரு, பேத்தி வகுப்புலயே ஒரு ஜோடி இருக்கு.

அதை விட எளிசா ஒண்ணு. சுமத்ராகிட்ட பூமி குலுங்குனப்போ நமக்கு டிசம்பர் 26 காலைல ஆறரை மணி, நியூயார்க்ல அப்போ 25 ராத்திரி எட்டு மணி, கிறிஸ்துமஸ் சாப்பாடு சாப்பிட்டுட்டு இருந்திருப்பாங்க. குஜராத்ல காலை 8 மணி 46 நிமிஷம், நியூயார்க்ல ஜனவரி 25 ராத்திரி பத்தேகால். பாம் நகரமும் அப்படித் தான். சனி பகவான் நம்ம காலண்டரைப் பார்த்து வந்தாரா, அமெரிக்கா காலண்டரைப் பார்த்து வந்தாரா? அங்க கூட்டுனா 25, ஏழு. கேது!

ஆனா ஒண்ணு, தேதிக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், இதுல தான் உங்க ஆளுங்க எழுதியிருக்க வேண்டிய விஷயம் இருக்கு. குஜராத்ல அஞ்சார்னு ஒரு ஊரு, குடியரசு நாள்ங்கறதால பள்ளிக்கூடப் புள்ளைங்க கொடி புடிச்சு ஊர்வலமா ஒரு குறுகலான தெருவுல போய்ட்டு இருந்தாங்க, ரெண்டு பக்கத்து வீடும் சரிஞ்சு அவங்க மேல விழுந்துச்சு. வேற நாளா இருந்தா அந்த நேரத்துல அந்தத் தெருவுல அவங்க இருந்திருக்க மாட்டாங்க. அதே மாதிரி 2004-ல அன்னிக்கு ஞாயித்துக்கெழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணில எங்கெங்கேருந்தோ வந்த கூட்டம், மெரினால நடக்க வந்தவங்க, மணல்ல கிரிக்கெட் ஆடுன பசங்க. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல. பூமிக்குத் தேதி தெரியாது, ஆனா அந்த நேரத்துல மனுசன் எங்க நிப்பான்னு முடிவு பண்றது தேதியும் கெழமையும் தான். அன்னிக்கு எனக்கு லீவு, ஆனா மறுநாள் காலைல நான் அந்தக் கடலோர ஊர்களோட தபால் பையைப் பிரிச்சவன், எந்தெந்த விலாசத்துக்குக் குடுக்க ஆள் இல்லைன்னு ஒவ்வொண்ணா தெரிய வந்துச்சு. அது மேல இப்போ எழுத வேண்டாம்.

நம்ம வழக்கத்துலயே ‘ஒரே நாள்’னா வேற அர்த்தம் சார், அதுவும் ஞாபகம் வருது. எங்க அப்பா செத்தது பிப்ரவரி 9, ஆனா திவசம் ஒரு வருஷம் ஜனவரி கடைசில வரும், இன்னொரு வருஷம் பிப்ரவரி பாதில வரும், திதி கணக்கு. பேத்தி கேக்குறா, ‘தாத்தா, செத்த நாள் எப்படி நகரும்’னு. சந்திரன் கணக்குல நகரும், சூரியன் கணக்குல நகராதுன்னு சொன்னேன். சித்திரை ஒண்ணும் பஞ்சாப்காரங்க வைசாகியும் ஒட்டி வர்றது அதனால தான், ரெண்டுமே சூரியன் மேஷத்துக்கு வர்ற கணக்கு. 1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக்ல அவ்ளோ கூட்டம் இருந்ததுக்கு ஒரு காரணம் அன்னிக்கு வைசாகி. 1930-ல ராஜாஜி திருச்சிலேருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கக் கெளம்புனதும் ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் நினைவு நாள், நமக்கு வருஷப் பொறப்பு. இதையெல்லாம் ஒரே பத்தில சேத்துப் போட்டா ஒரு புள்ளை அதைப் படிச்சிட்டு மறக்குமா? எங்க ஊர் வழியாத் தான் அந்த நடை போச்சுன்னு சொல்லிக்கிற ஊரு இந்தப் பக்கம் எத்தனை இருக்கு.

நான் கேக்குறது ரொம்ப இல்ல. எட்டு வரிக்குப் பதிலா நாலு வரி போடுங்க, ஆனா ‘ஏன் இந்தத் தேதி’ன்னு ஒரு வார்த்தை சேருங்க. வேணும்னே எடுத்த தேதியா, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு வந்ததா, சும்மா அமைஞ்சதா, இந்த மூணுல எதுன்னு சொன்னா போதும். பழைய வெளிநாட்டுச் சம்பவமா இருந்தா எந்தக் காலண்டர்னு பாருங்க, ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23 ஒரே நாள்ல செத்தாங்கன்னு போன வருஷம் புத்தக நாளுக்குப் போட்டீங்க, அப்போ ஸ்பெயின்ல ஒரு காலண்டர், இங்கிலாந்துல இன்னொரு காலண்டர், நடுவுல பத்து நாள் வித்தியாசம். அதையும் அப்பவே எழுதணும்னு நெனச்சேன், முழங்கால் வலில விட்டுட்டேன்.

அப்புறம் அந்த 1788 வரிக்கு ஒரு திருத்தம். ‘ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியது’ன்னு ஒரு வரி, ஏதாவது ஒரு மூலைல, எட்டு பாயிண்ட் எழுத்துல போட்டாலும் சரி. பேத்தி கத்திரிக்கோலோட தினமும் பார்த்துட்டு இருக்கா, வெட்டி மெல்போர்னுக்கு போட்டோ எடுத்து அனுப்பணுமாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சப் போஸ்ட்மாஸ்டர் ஒருவர்,
நாகை மாவட்டம்.

பி.கு: 1950 ஜனவரி 26-க்கு வெளியிட்ட நாலு ஸ்டாம்பு, ரெண்டு அணா, மூணரை அணா, நாலு அணா, பன்னெண்டு அணா, அதுல பன்னெண்டு அணால ராட்டை இருக்கும், நாலு அணால ஏரும் கதிரும். என்கிட்ட மூணரை அணா மட்டும் இல்ல. வாசகர் யாருகிட்டயாவது ரெண்டு இருந்தா, முத்திரை குத்துனதா இருந்தாலும் பரவால்ல, தேதி மட்டும் தெளிவா விழுந்திருக்கணும்.